ஏழு மாதக் குழந்தையின் மூக்கடைப்பும் நான் மறைத்த ஒரு சிறு பாட்டிலும்

2024 டிசம்பரில் என் இளைய மகளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் எங்கள் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டித் தீர்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் வடக்குச் சுவரில் ஈரம் காயவே இல்லை. கணவர் பெங்களூருவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார், ஞாயிறுதோறும் வந்து திங்கள் அதிகாலைப் பேருந்துக்குப் போய்விடுவார். மாமியார் தீர்த்தமலைப் பக்கம் ஊரில், மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆகவே யு.கே.ஜி. படிக்கும் மூத்தவளும் கைக்குழந்தையும் நானும்தான் வீட்டில். அந்த நான்கு நாட்களில் நடந்ததை எழுதுவதற்குக் காரணம், என் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது சளி அல்ல, சளிக்கு நான் கொடுத்தவை என்பதுதான். இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூத்தவள் பள்ளியிலிருந்து சளியோடு வந்தாள். தங்கையைக் கொஞ்சாமல் அவளால் இருக்க முடியாது. மூன்றாம் நாள் பாப்பாவுக்கும் மூக்கு ஒழுகத் தொடங்கி, அன்று இரவே அடைத்துக்கொண்டது. பெரியவர்களுக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விட்டுக்கொள்வோம். கைக்குழந்தைகளோ முதல் சில மாதங்களில் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன, அதற்குப் பிறகும் பால் குடிக்கும்போது அவற்றுக்கு மூக்கைத் தவிர வேறு வழியில்லை. பாப்பா மார்பில் வாய் வைப்பாள், நான்கு இழுப்பு இழுப்பாள், மூச்சு முட்டி விட்டுவிட்டு அழுவாள், பசியால் மறுபடி தேடுவாள். இரவு முழுவதும் இதுவே நடந்தது. எனக்கும் பால் கட்டிக்கொண்டு வலித்தது. விடியற்காலை நான்கு மணிக்கு, இந்த மூக்கு மட்டும் திறந்தால் போதும், அதற்கு எதை வேண்டுமானாலும் செய்வேன் என்ற மனநிலைக்கு வந்திருந்தேன். தவறுகள் அந்த மனநிலையில்தான் தொடங்கின.

காலையில் மாமியாரை அழைத்தேன். "தேங்காண்ணெயில கற்பூரத்தப் போட்டுச் சூடு பண்ணி நெஞ்சுல தடவு கண்ணு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு சாம்பிராணி காட்டு" என்றார். இரண்டையும் செய்தேன். அவர் அன்பினால் சொன்னார், தன் பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்தார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது என்பதும், வயிற்றுக்குள் போனால் சிறு அளவிலேயே குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கக்கூடியது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாம்பிராணிப் புகையோ, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கின் உட்தோலை இன்னும் எரிச்சலூட்டும். அன்று புகை காட்டிய பிறகு பாப்பா தொடர்ந்து தும்மியதை, சளி வெளியேறுகிறது என்று நினைத்து மகிழ்ந்தேன்.

மதியம் காய்ச்சல் 101 டிகிரி வந்ததும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கூட்டம் அதிகம், எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். நெபுலைசர் வைத்தார்கள், ஒரு ஆன்டிபயாடிக் சிரப், காய்ச்சல் சொட்டு மருந்து, சளிக்கு என்று இன்னொரு சொட்டு மருந்து ஆகியவற்றை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் குறையாததால் மறுபடி போனேன். மேலும் இரண்டு நெபுலைசர், ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே. இரண்டு முறை கட்டணம் 500, நெபுலைசர் 600, மருந்துகள் 1,050, பரிசோதனைகள் 1,150, ஆட்டோ 480 ரூபாய். கணவர் அனுப்பியிருந்த பணத்தில் வாடகைக்கு ஒதுக்கியது அதில் போயிற்று. ஆன்டிபயாடிக் தொடங்கிய மறுநாளே பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கும் வந்து, பிட்டம் சிவந்து புண்ணானது.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடவும் செய்யாது. மூக்குச்சளி மூன்றாம் நாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது சளியின் இயல்பான போக்கே தவிர, நிறத்தை மட்டும் வைத்துப் பாக்டீரியா தொற்று என்று சொல்ல முடியாது. நான் அந்த நிறத்தைக் கண்டு பயந்து, "ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க சார்" என்று நானே கேட்டேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. சளி 7 முதல் 10 நாள் இருக்கும், இருமல் அதற்கும் மேல் நீளும், முதல் மூன்று நான்கு நாட்கள் ஏறித்தான் பிறகு இறங்கும். பள்ளிக்குப் போகும் அக்கா அண்ணன் உள்ள வீட்டில் சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது அசாதாரணம் அல்ல. இது தெரிந்திருந்தால், ஏறிக்கொண்டிருந்த இரண்டாம் நாளில் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி ஓடியிருக்க மாட்டேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சளிச் சொட்டு மருந்தில், தூக்கத்தை வரவழைக்கும் ஒவ்வாமை மருந்தான குளோர்பெனிரமினும் மூக்கடைப்பைக் குறைக்கும் பினைல்எஃப்ரினும் கலந்திருந்தன. இந்த இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. என் கையில் அந்த மருந்து வந்தது அதற்குச் சரியாக ஓராண்டுக்குப் பிறகு. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியைப் படித்தபோது, என் வீட்டு அலமாரியில் இருந்த எல்லாப் பாட்டில்களையும் எடுத்துக் கீழே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயது வரையிலும் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை அந்த மாதத்தில் அறிவுறுத்தியது.

நான்காம் நாள் மாலைக்கு வருகிறேன். காய்ச்சல் தணிந்திருந்தது, மூக்கு மட்டும் திறக்கவில்லை. தெருமுனை மருந்துக் கடையில் போய், "மூக்குல விடற சொட்டு மருந்து குடுங்கண்ணா" என்று கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, ஏழு மாதக் குழந்தைக்கு என்று நானும் சொல்லவில்லை. 95 ரூபாய்க்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்தார். ஆறரை மணிக்குப் பாப்பாவைப் படுக்கவைத்து, பாட்டிலைக் கவிழ்த்து ஒவ்வொரு துளையிலும் அமுக்கினேன். பெரியவர்கள் நிமிர்ந்து நின்று பீய்ச்சிக்கொள்வதற்கான பாட்டில் அது. கவிழ்த்து அமுக்கினால் சொட்டாக வராமல் தாரையாக இறங்கும். ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்தது. மூன்று நாட்களுக்குப் பிறகு பாப்பா முதன்முறையாக வயிறு நிறையப் பால் குடித்தாள். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒன்பது மணிக்கு மறுபடி விட்டேன், அதோடு சளிச் சொட்டு மருந்தையும் கொடுத்தேன். பதினொன்றரைக்கு மூன்றாம் முறை.

ஒரு மணிக்கு விழித்தபோது பாப்பா அதுவரை பாலுக்கு அழாதது உறைத்தது. தூக்கினேன், தலை என் தோளில் நிற்காமல் சரிந்தது. உள்ளங்கால்கள் சில்லென்று இருந்தன. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை, கன்னத்தைத் தட்டினால் கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டாள். என் கை நடுக்கத்தில் மூன்று முறை தவறாக அழுத்திய பிறகுதான் 108-க்கு அழைப்பு போனது. கீழ் வீட்டு அக்காவை எழுப்பி மூத்தவளை அவரிடம் விட்டேன். அரூரில் முதலுதவி செய்து, உடனே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த நாற்பது கிலோமீட்டரும் பாப்பாவின் வயிறு ஏறி இறங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எழுதுவதற்கு எனக்கு மிகவும் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. பணியில் இருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்கு என்னென்ன குடுத்தீங்கம்மா?" என்பது. கிளினிக்கில் எழுதிய மூன்றையும் சொன்னேன். "வேற? மூக்குல, காதுல, நெஞ்சுல, எதாவது?" என்றார். இல்லை என்றேன். தாய் இப்படிச் செய்யலாமா என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டுவார்களோ என்ற பயம். அரூரிலும் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தேன். இதயத் துடிப்பு எண்பதை ஒட்டித்தான் இருக்கிறது, ஏழு மாதக் குழந்தைக்கு இது மிகவும் குறைவு என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் முதுகுத்தண்டு நீர் எடுப்பதைப் பற்றியும் பேசினார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். ஏறக்குறைய இருபது நிமிடம் வீணாகியிருந்தது.

அவர் திட்டவில்லை. பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, லேபிளில் இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினார்: ஆக்ஸிமெட்டாசோலின் 0.05 சதவீதம், பெரியவர்களுக்கான அளவு. அது மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை வற்றவைக்கும், அதனால்தான் உடனே திறந்தது. சிறு குழந்தைக்குள் அது தொண்டை வழியாக இறங்கியும் மூக்கின் உட்தோல் வழியாக ரத்தத்தில் கலந்தும் மூளைவரை போய், தூக்கத்தை வரவழைத்து, இதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தப்படுத்தும். கூடவே கொடுத்த சளி மருந்தில் இருந்த குளோர்பெனிரமினும் தூக்க மருந்துக்கு நிகரானதே. மாற்று மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. ஆக்ஸிஜனும் சூடும் கண்காணிப்பும்தான். பாப்பாவின் நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பிகளையும் திரையில் ஓடிய எண்ணையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்கு அந்த எண் நூறைத் தாண்டியது. ஒன்பதரைக்குப் பாப்பா பசித்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

ஆகவே, மருத்துவர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் கற்பூரத்திலிருந்து கை மருந்துவரை ஒன்று விடாமல் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டில்களையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவமானத்துக்குப் பயந்து நான் மறைத்ததால், என் குழந்தையின் முதுகில் தேவையில்லாத ஒரு ஊசி ஏற இருந்தது.

மறுநாள் வார்டில் இருந்த மூத்த நர்ஸ் என் பாட்டிலையும் மருத்துவமனையில் இருந்த இன்னொரு பாட்டிலையும் என் உள்ளங்கையில் அருகருகே வைத்தார். இரண்டும் ஒரே உயரம், இரண்டிலும் நீல எழுத்து, இரண்டிலும் மூக்கின் படம். ஒன்றில் சோடியம் குளோரைடு 0.65 என்று இருந்தது. அது வெறும் உப்புநீர். மற்றொன்றில் 0.05. "பேரக் கேக்காதீங்கம்மா, குழந்தைக்கு உப்புத்தண்ணிச் சொட்டு வேணும்னு கேளுங்க, வாங்கின உடனே இந்த எழுத்தப் பாருங்க" என்றார். பிறகு எப்படி விடுவது என்று காட்டினார். குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இளகிய சளியைத் திரித்த மெல்லிய வேட்டித் துணியால் துடைத்தெடுக்கலாம், அல்லது ரப்பர் உறிஞ்சியை முதலில் அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகு மூக்குத் துளையின் விளிம்பில் மட்டும் வைத்து, அமுக்கிய பிடியை மெதுவாக விடலாம். துளைக்குள் ஆழமாக எதையும் விடக் கூடாது. இதைப் பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பாகவும் தூங்கவைக்கும் முன்பாகவும் செய்தால் போதும். அன்று மாலை நானே செய்தேன். மூக்கு முழுவதும் திறக்கவில்லைதான். ஆனால் பால் குடிக்கும் அளவுக்குத் திறந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒரே மூச்சில் வயிறு நிறைக்க முயலாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கவும் சொன்னார்.

அவரிடம் கற்ற இன்னொன்று மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது எண்ணினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, ஏனெனில் குழந்தைகளின் மூச்சு சீராக இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துளைகள் விரிவது, முனகல் சத்தம், உதடு நீலமாவது, பால் குடிக்க முடியாமை, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, வழக்கத்தைவிட மிகக் குறைவாகச் சிறுநீர் கழிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

காய்ச்சல் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாராசிட்டமால் குழந்தையின் எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு இடையே ஆறு மணி நேரம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. மூத்தவளின் சிரப்பிலோ 5 மில்லிக்கு 250. ஏழு கிலோ எடையுள்ள பாப்பாவுக்குச் சொட்டு மருந்தில் ஏறக்குறைய ஒரு மில்லி போதும். அதையே சிரப் என்று நினைத்து 5 மில்லி மூடியில் ஊற்றினால் ஐந்து மடங்கு போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பாட்டிலிலும் பிள்ளைகளின் பெயரையும் அளவையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் இருந்தார். அவருடைய மூன்று வயது மகனுக்கு மூன்று வாரமாக ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்திருக்கிறது, சளி மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே இருந்து எடுத்தது ஒரு புளியங்கொட்டை. ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு வந்தால் அதைச் சளி என்று நினைக்கக் கூடாது. உள்ளே போனது பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும் என்பதால், அன்றே ஓட வேண்டும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், மருத்துவமனையில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. கணவர் நான்கு நாள் வேலைக்குப் போகாததில் 3,200 ரூபாய் கூலி போனதையும் சேர்த்தால், அந்தச் சளிக்கு நாங்கள் இழந்தது 7,000 ரூபாய்க்கு மேல். என் பால் சுரப்பு பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. மூத்தவள் மட்டும் வெகுநாள்வரை, தான் முத்தம் கொடுத்ததால்தான் பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை என்று அவளுக்குப் புரியவைக்கவும், பள்ளியிலிருந்து வந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தங்கையிடம் போகப் பழக்கவும் எனக்கு நாள் பிடித்தது.

சென்ற ஐப்பசி மழையில் பாப்பாவுக்கு மறுபடி சளி பிடித்தது. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது நெருங்கியிருந்தது. முதல் நாள் இரவு 101 டிகிரி, மூக்கு அடைப்பு, இருமல். தூங்கிய பிறகு சட்டையைத் தூக்கி எண்ணினேன், முப்பத்திரண்டு. விலாவின் கீழ் குழி இல்லை. உப்புநீர் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தேன், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் கொடுத்தேன். ஒரு வயது தாண்டிவிட்டதால் இருமலுக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுத்தேன். ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, அரிதானாலும் உயிருக்கே ஆபத்தான நச்சு நோய் அதனால் வரக்கூடும் என்று தருமபுரியில் சொல்லியிருந்தார்கள். மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். கற்பூரத்தைத் தேடி எழுந்தவரிடம், "அத்தை, நீங்க மடியில வெச்சுக்கங்க, நான் சொட்டு விடறேன்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பாப்பாவை வாங்கித் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் இரவில் இரண்டு முறை எழுந்து எண்ணினேன். பன்னிரண்டாம் நாள் இருமல் நின்றது.